பேச்சாளன் வாய்மூடி இருந்த இரண்டு நாள்கள்

நின்றுகொண்டு பேசியே பழகியவன், இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இடையில் எங்கேனும் என் வாக்கியங்கள் எழுந்து நின்றுவிட்டால், வாசிப்பவர்கள் அவற்றின் தோளைத் தொட்டு அமர்த்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நம் வாதக் கழகத்தின் ஆண்டு மலரில் ஓய்வுபெற்றோருக்கு என்று சில பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. அதற்கு எழுதித் தரும்படி இப்போதைய செயலாளர் என்னைக் கேட்டார். எனக்கு வயது இருபத்தாறு. நாம் கலந்துகொள்ளும் போட்டிகளில் வயது வரம்பு இருபத்தைந்து. பிறந்தநாளன்று காலையில் வாதப் பேச்சாளனாக எழுந்தவன், கேக் வெட்டி முடித்தபோது முன்னாள் வாதப் பேச்சாளன் ஆகியிருந்தேன். பிரிவுபசார விருந்தில் சால்வை போர்த்தினார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்தார்கள். நான் எந்த நாளும் நேரத்துக்குள் பேச்சை முடித்ததில்லை என்பதை அதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

"சீனியர், ஓய்வுக்கு அப்புறம் என்ன பண்றீங்கன்னு எழுதுங்க. பென்ஷன் உண்டான்னு ஜூனியருங்க கேக்குறாங்க," என்றார் செயலாளர்.

பென்ஷன் கிடையாது. ஆனால் டெங்கில் என்னும் சிற்றூரில் எனக்கு ஒன்று கிடைத்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி மாணவனாக மேடையேறியபோது ஒலிவாங்கி என் நெற்றிக்கு நேராக இருந்தது. பால் டின் அடுக்கிய பெட்டியின் மீது ஏற்றிவிட்டார்கள். அன்று ஏறியவன் பல்கலைக்கழகம் முடிந்த பிறகும் இறங்கவில்லை. அவையை வணங்குவது, தலைப்பை வரையறுப்பது, மூன்று கருத்துகளை நிறுவுவது, எதிரணியின் கருத்துகளை ஒவ்வொன்றாக நொறுக்குவது, நொறுக்கியதை அவைக்கு நினைவூட்டுவது, மணியடித்த பிறகும் ஒரு வாக்கியம் பேசுவது. இவ்வளவுதான் கலை. இதற்கு அடியில் ஒரே ஒரு விதி இருந்தது: கேட்பவர் யோசிக்க இடம் கொடுக்காதே, கொடுத்தால் அவர் எதிரணிக்காக யோசித்துவிடுவார். இந்த விதியை நான் யாரிடமும் கற்கவில்லை. நானே கண்டுபிடித்தேன். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

ஓய்வு பெற்ற பிறகுதான் சனி, ஞாயிறு என்று இரண்டு நாள்கள் இருப்பது தெரிந்தது. அதுவரை அவை போட்டி நாள்கள். என் அணித் தோழர்களில் ஒருவன் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மற்றவள் திருமணம் செய்துகொண்டு புகுந்த வீட்டில் முதல் பேச்சாளர் ஆகிவிட்டாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் கேக் படங்கள் மட்டுமே வந்தன. நான் பிரிக்பீல்ட்ஸில் வாடகை அடுக்ககம் ஒன்றில் தனியாக இருக்கிறேன். வார நாள்களில் அலுவலகம் உண்டு. வார இறுதியில் கிள்ளானில் உள்ள பெற்றோர் வீட்டுக்குப் போவேன். நான்காவது வாரம் அம்மாவின் பொறுமை தீர்ந்தது.

"சாம்பாருக்கு உப்பு பத்தலையான்னு ஒரு வார்த்தைதாண்டா கேட்டேன். அதுக்கு வரையறையெல்லாம் சொல்ற," என்றார். "வாராவாரம் வரணும்னு இல்லடா. எங்கயாவது கிளாஸுக்குப் போயேன்."

அம்மா புடவை வாங்கும் கடையின் உரிமையாளர் ரஹீமா அக்கா. கிள்ளானில் அவருடைய குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை உண்டு. கடையில் கூட்டம் இல்லாத பிற்பகல்களில் அவர் சிறுகதை எழுதுவார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அந்த ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டு அம்மா என்னை அவரிடம் ஒப்படைத்தார்.

"நாங்க மூணு பேருதான் தம்பி," என்றார் ரஹீமா அக்கா, துணியை மடித்துக்கொண்டே. "மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டுல கூடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை டெங்கில்ல வீடு எடுத்து ரெண்டு நாள் முகாம் போடுவோம். அதுக்கு மட்டும் புதுசா ஒரு ஆளைக் கூப்பிடுவோம். ஒத்துப் போச்சுன்னா அவரும் எங்களோட சேர்ந்துக்குவாரு."

"ஒத்துப்போனதை எப்படி அறிவிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"அறிவிக்க மாட்டோம். சேர்த்தாச்சுன்னும் சொல்ல மாட்டோம், சேர்க்கலன்னும் சொல்ல மாட்டோம். உள்ளர்த்தம் வச்சு எழுதுற ஆளுங்க, அதைப் போயி வாயால சொல்லிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? பேசுறதுல இருந்து நீயே புரிஞ்சுக்கணும். போன தடவை வந்தவரு இன்னமும் கடிதம் வரும்னு காத்துக்கிட்டிருக்காரு, பாவம்."

மாதத்தில் ஒரு ஞாயிறு. மூன்று மனிதர்கள். அந்தக் கடையில் நின்றபோது, வாதப் போட்டியின் உலகக் கோப்பையைக்கூட நான் அந்த அளவுக்கு விரும்பியதில்லை என்று தோன்றியது.

சனிக்கிழமை காலையில், போட்டிக்குப் போவதுபோலவே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, குறிப்பட்டைகளுடன் டெங்கிலுக்குப் போனேன். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் நீல நிற வீடு. வாயிற்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாஸ், தண்ணி ஃபில்டர் எல்லாம் வாங்க மாட்டோம்லா. இது எங்க வீடே இல்ல, ரெண்டு நாளைக்கு வாடகை."

அவர்தான் செல்வா. ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றின் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். நான் எழுத்து முகாமுக்கு வந்தவன் என்பதை மூன்று சான்றுகளுடன் நிறுவினேன். அவர் இரண்டாவது சான்றிலேயே கதவைத் திறந்துவிட்டார். மூன்றாவதைக் கேட்டுக்கொண்டே என் பையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

முகாமுக்குத் தலைமை தாங்கியவர் பவானி அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். பந்திங்கில் மருந்தகம் வைத்திருக்கிறார். என் வாழ்க்கையில் பல நடுவர்களைப் பார்த்திருக்கிறேன்; மேசையைத் தட்டுபவர்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டுபவர்கள், தீர்ப்புக்கு முன் தண்ணீர் குடித்து நம்மைக் காக்கவைப்பவர்கள். பவானி அக்கா இவற்றில் எதையும் செய்யவில்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் மருத்துவரின் மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் முதலில் ஒரு முறை, பிறகு சந்தேகத்தோடு இன்னொரு முறை படிப்பார். பாராட்ட மாட்டார், பழிக்கவும் மாட்டார். அளவை மட்டும் சொல்வார்.

"இந்த இடத்துல சோகம் மூணு வேளைக்குக் குடுத்திருக்கீங்க. ஒரு வேளை போதும்," என்பார். அவ்வளவுதான். குரல் உயராது. மேல்முறையீட்டுக்கு இடமும் இராது.

முகாமில் இரண்டு நடைமுறைகள் இருந்தன. அவற்றை நம் கழகத்தினர் கவனமாகப் படிக்க வேண்டும். ஏனெனில் நம்மைத் தண்டிக்கவே கண்டுபிடிக்கப்பட்டவை போல அவை எனக்குத் தோன்றின.

முதலாவது, மடிப்பு. கதையைப் பிறருக்குக் கொடுக்குமுன் அதன் கடைசிப் பத்தியைப் பின்புறமாக மடித்துக் கிளிப் போட்டுவிடுவார் பவானி அக்கா. மடிக்காத பகுதியை மட்டும் எல்லோரும் படிப்பார்கள். படித்து முடித்து, எதுவும் குறைவதாக ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால், மடித்த பத்தி அங்கேயே இறந்ததாகக் கொள்ளப்படும். பிறகு அதற்கு முந்தைய பத்தியை மடிப்பார்.

இரண்டாவது, டோடோல். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிய அந்தக் கரிய மலாய் இனிப்பை அறியாதவர் நம் நாட்டில் இல்லை. ஒரு துண்டை வாயில் போட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உடன்பாடு செய்துகொள்ளும். ஒருவருடைய கதையைப் பிறர் பேசும்போது, எழுதியவர் வாயில் டோடோல் வைத்திருக்க வேண்டும். விளக்கக் கூடாது, மறுக்கக் கூடாது. கரைந்துவிட்டால் அடுத்த துண்டு தயாராக இருக்கும்.

"முன்னெல்லாம் சும்மா வாயை மூடிக்கிட்டு இருங்கன்னுதான் சொன்னோம்," என்றார் ரஹீமா அக்கா. "செல்வாவால முடியல. அதான் டோடோல்."

நான் எழுதிக் கொண்டுபோயிருந்த கதை கணவன் மனைவியைப் பற்றியது. கணவன் தாமதமாக வீடு திரும்புகிறான், சண்டை வருகிறது. "சோறு ஆறிவிட்டது என்னும் உன் கூற்றில் மூன்று குறைபாடுகள் உள்ளன," என்கிறான் கணவன். "உங்கள் முதல் கருத்தை நான் அடியோடு மறுக்கிறேன்," என்கிறாள் மனைவி. இறுதியில் இருவரும் விட்டுக்கொடுத்தலே இல்லறம் என்று தொகுத்துரைக்கிறார்கள். என் பார்வையில் அதில் ஓட்டை எதுவும் இல்லை.

எனக்கு முதல் துண்டு டோடோலைக் கொடுத்தார்கள்.

"ஒரு சந்தேகம்," என்றார் செல்வா. "இவங்க சண்டை போடுறப்ப மணி அடிக்கிறது யாரு? மாமியாரா?"

"இப்படி ஒரு புருஷன் பேசினா, ரெண்டாவது குறைபாடு வர்றதுக்குள்ள அவ கிராப் டாக்சி புக் பண்ணி அம்மா வீட்டுக்குப் போயிருப்பா," என்றார் ரஹீமா அக்கா.

நான் மறுத்தேன். அதாவது, மறுக்க முயன்றேன். டோடோல் வழியாக வெளிவந்தது ஒரு நீண்ட ம்ம்ம் மட்டுமே.

"ஆட்சேபணை பதிவாயிடுச்சு பாஸ்," என்றார் செல்வா. "தொடரலாம்."

பவானி அக்கா தொகுப்புரையை மடித்தார். ஒருவருக்கும் குறை தெரியவில்லை. மனைவியின் மறுப்பை மடித்தார். கணவனின் மூன்று குறைபாடுகளை மடித்தார். தாள் சுருங்கச் சுருங்க நான் டோடோலை மென்றுகொண்டே இருந்தேன்; ரஹீமா அக்கா தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தாள் ஒரு பேருந்துச் சீட்டின் அளவுக்கு வந்தது. அதில் என் கதையின் முதல் வரி மட்டும் இருந்தது: "அவன் கதவைத் திறந்தபோது மேசையில் ஒரு தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது."

மூவரும் அந்த வரியை மீண்டும் படித்தார்கள்.

"ஒரு தட்டு," என்றார் ரஹீமா அக்கா. "அவ சாப்பிட்டு முடிச்சிட்டா."

"கோவத்துல சாப்பிட்டாளா, பழகிப்போயி சாப்பிட்டாளா?" என்றார் பவானி அக்கா.

"மூடி வச்சிருக்காளேலா," என்றார் செல்வா. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "கோவம்னா எதுக்கு மூடி வைக்கணும்? என் வொய்ஃப் கோவம்னா ஃபிரிட்ஜ்ல தள்ளிடுவா."

அந்த ஒற்றைத் தட்டைப் பற்றி அவர்கள் தேநீர் ஆறும்வரை பேசினார்கள். நான் பல்லாயிரம் சொற்களால் நிரப்பிய எந்த அவையிலும் என் கருத்தைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை. உண்மையைச் சொன்னால், அந்தத் தட்டை நான் திட்டமிட்டு வைக்கவே இல்லை. தட்டுக்கு எண்ணிக்கை உண்டென்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆயினும் அன்று வாய் ஒட்டியிருந்ததால் அந்தப் பெருமை என்னிடமே தங்கிவிட்டது.

மதிய உணவுக்குப் பிறகு, மறுநாள் காலையில் படிக்க ஆளுக்கு ஒரு புதுக்கதை எழுத வேண்டும் என்றார்கள். பவானி அக்கா என்னைத் தனியே அழைத்து, மருந்து உண்ணும் முறையைச் சொல்வதுபோல் சொன்னார்:

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்ல? அதை எடுத்துக்குங்க. அதைக் கேக்காம எழுதுங்க."

வீட்டின் பின்புறம், எண்ணெய்ப்பனை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதைக் கேட்கும் பேச்சு ஒன்று வீட்டிலேயே தயாராக இருந்தது. "என்னை ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும்" என்று மூன்று கருத்துகள், மேற்கோள் உள்பட. கேட்காமல் எழுதுவது எப்படி என்றுதான் தெரியவில்லை. தோட்டத்துக்குள் லோரி ஒன்று போய்ப் பழக்குலை ஏற்றித் திரும்பும்வரை தாள் வெள்ளையாகவே இருந்தது. பிறகு எழுதத் தொடங்கினேன்.

ஒருவன் சனிக்கிழமை காலையில் காரைக் கழுவக் கொண்டுபோகிறான். கழுவும் இடத்தில் வேலை செய்பவர், "எப்படி இருக்கீங்க பாஸ்?" என்று கேட்டுவிட்டுக் கழுவுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அதே காரை மறுபடியும் கொண்டுபோகிறான். "நேத்துதானே பாஸ் கழுவினீங்க?" என்கிறார் அவர். "மழை வர்ற மாதிரி இருக்கு. அதுக்கு முன்னால கழுவிடலாம்னு," என்கிறான் அவன். அவர் வானத்தைப் பார்க்கிறார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்க் குழாயை எடுக்கிறார். அவ்வளவுதான் கதை.

அவ்வளவுதான் என்பது பொய். அதற்குக் கீழே இன்னொரு பத்தியும் எழுதினேன். "இவ்வாறு அவன் தனிமையில் உழன்றான் என்பதும், மனித உறவுக்காக ஏங்கினான் என்பதும் இதனால் பெறப்படும்" என்று தொடங்கிய அந்தப் பத்திக்கு நல்ல ஓசைநயம் இருந்தது. மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டல் நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தாளைக் கொடுக்குமுன், அந்தப் பத்தியை நானே மடித்துக் கிளிப் போட்டேன். பவானி அக்கா கிளிப்பைப் பார்த்தார். கையை நீட்டினார், பிறகு அதைத் தொடாமலே கதையை வாசிக்கத் தொடங்கினார்.

டோடோல் என் வாயில் இருந்தது. இனி நான் சொல்லப்போவதுதான் என் பணி வாழ்க்கையில் நான் சந்தித்த மிகக் கடினமான சுற்று.

"கொலை," என்றார் செல்வா.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சுத்தமான காரை எவன் மறுநாளும் கழுவுவான்? காருக்குப் பின்னாடி பூட்ல பொணம் இருந்திருக்கு. சனிக்கிழமை கழுவியும் ரத்தம் போகல. அதான் ஞாயித்துக்கிழமையும் வந்துட்டான்."

"அட, ஆமா," என்றார் ரஹீமா அக்கா. "மழை வருதுன்னு வேற பொய் சொல்றான். அந்த ஆளு வானத்தைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலையே. அவருக்கும் தெரிஞ்சிருக்கு."

"கூட்டாளிலா அக்கா. காசு வாங்கிக்கிட்டு மறைக்கிறாரு."

"செத்தது யாரு?"

"பொண்டாட்டி. நேத்து ஒரு தட்டு மூடி வச்சாளே, அவதான்."

என் தனிமை என் கண் முன்னாலேயே கொலையாகிக் கொண்டிருந்தது. எதிரணியின் முதல் கருத்து பிணம்; அதற்கு என்னிடம் மூன்று மறுப்புகள் இருந்தன. இரண்டாவது கருத்து கூட்டுச்சதி, அதற்கு நான்கு. நேற்றைய கதையின் மனைவியை இன்றைய கதைக்குள் இழுத்தது தலைப்புக்கு அப்பாற்பட்டது. அதற்கு நடுவரிடம் தனி முறையீடே செய்யலாம். எல்லாம் நாக்கின் நுனியில் வரிசையாக வந்து நின்றன. அப்போதுதான் கவனித்தேன், நாக்கின் நுனியில் வேறொன்றும் இல்லை. டோடோல் முழுவதும் கரைந்திருந்தது. வாய் திறந்தால் பேச்சு வரும்.

ரஹீமா அக்காவும் அதைக் கவனித்துவிட்டார். தட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இன்னொண்ணு வேணுமா தம்பி?"

வேண்டாம் என்று தலையசைத்தேன். பற்கள் விடுதலையாக இருந்தன. குரல் தயாராக இருந்தது. எதிரில் இருந்த வாதமோ, முதலாம் ஆண்டு மாணவன்கூட உடைக்கக்கூடியது. நான் உதடுகளை மூடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். ரஹீமா அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கதைத்தாளை எடுத்து மீண்டும் படித்தார்.

"செல்வா," என்றார். "அந்த ஆளுக்கு வீட்டுல வேற யாருமே இல்லையா?"

"அதான் பொண்டாட்டி..."

"பொண்டாட்டியே இல்லப்பா. படிச்சுப் பாரு. யாருமே இல்ல. ரெண்டு நாள்ல அவன்கிட்ட எப்படி இருக்கீங்கன்னு கேட்டது அந்த ஒரு மனுஷன்தான்."

செல்வா தாளை வாங்கினார். அவருடைய உதடுகள் அசைந்தன. மழையைப் பற்றிய வரிக்கு வந்ததும் நின்றன.

"மழைக்கு முன்னாடி யாரும் கார் கழுவ மாட்டாங்க," என்றார் மெதுவாக.

"மாட்டாங்க," என்றார் பவானி அக்கா.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து ஒருவனைப் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு கவனம் தேவை என்பதை அன்றுதான் கண்டேன். செல்வா எழுந்து போய்த் தேநீர் போட்டார். எனக்கு மட்டும் கோப்பை நிறைய ஊற்றினார். சற்றுப் பொறுத்து, "ஆனா பூட்ல என்ன இருக்குன்னு பார்த்துடுறது நல்லதுலா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் கருத்தை அவர் இன்றுவரை முழுமையாகக் கைவிடவில்லை. ஒரு வாதப் பேச்சாளனாக அதை மதிக்கிறேன்.

மதியம் வீட்டைப் பெருக்கி, சாவியை ஒப்படைத்துவிட்டு வாசலுக்கு வந்தோம். நன்றி சொன்னேன், அவர்களும் நன்றி சொன்னார்கள். நல்ல கதை என்றோ, மீண்டும் சந்திப்போம் என்றோ ஒரு சொல் இல்லை. கடிதத்துக்குக் காத்திருக்கும் அந்த முந்தைய ஆளை நினைத்துக்கொண்டேன். தயாராக வைத்திருந்த மூன்று கருத்துகளையும் பேசிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கார்க் கதவைத் திறந்து, ஒரு காலையும் உள்ளே வைத்துவிட்டேன்.

"கதிர்," என்று கூப்பிட்டார் பவானி அக்கா. தன் காரில் பையை வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "உங்க வீடு பிரிக்பீல்ட்ஸ்தானே? அங்க ஞாயித்துக்கிழமையில பார்க்கிங் கிடைக்குமா?"

பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடம் தேடுவது எப்படிப்பட்டது என்பதை நம் ஊர்த் தமிழர் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. கோயிலுக்கு வருபவர்கள், வாழையிலைச் சாப்பாட்டுக்கு வருபவர்கள், பூ வாங்க வருபவர்கள், இவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைக்காமல் சும்மா சுற்றுபவர்கள். அந்த நெரிசலின் காரணங்களைப் பற்றி நான் ஒரு முறை போட்டியிலேயே பேசி வென்றிருக்கிறேன். வரையறை முதல் தொகுப்புரை வரை அந்தப் பேச்சு முழுவதும் அக்கணமே தொண்டைக்கு வந்தது. அதற்குள், கேட்கப்பட்டது பார்க்கிங் அல்ல என்பது புரிந்துவிட்டது.

"கிடைக்கும்," என்றேன்.

"பிரிக்பீல்ட்ஸ்லயா?" என்றார் செல்வா.

"கிடைக்கும்."

"எங்க மூணு காருக்கும்?" என்றார் ரஹீமா அக்கா.

"கிடைக்கும் அக்கா."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வாழ்நாளில், சான்று எதுவும் காட்டாமல் நான் முன்வைத்த முதல் கூற்று அதுதான். அது முழுப் பொய் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எதிரணியில் ஒருவரும் மறுக்கவில்லை.